படிப்புக்கு ஊர் ஒதுக்கிய பங்கு

கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். அங்கே கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் காலத்தது. தானமாக விட்ட ஊரை 25 பங்காக வகுத்து, எந்தப் பங்கு யாருக்கு என்று அது கணக்குச் சொல்கிறது. பெரும்பகுதி வேதம் கற்ற அந்தணர்களுக்குப் போகிறது. ஒரு பங்கு, மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு. இன்னொரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. வருகிறவருக்குத் தண்ணீர் எப்படியோ அப்படித்தான் படிப்பும் என்று அந்தக் கணக்கை எழுதியவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஊர்ப் பொதுவில் வாசிப்புக்கென்று வருவாய் ஒதுக்கியதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1948இல், வீட்டு வரியில் ரூபாய்க்கு அரையணா நூலகத்துக்கு என்று சென்னைச் சட்டமன்றம் சட்டம் செய்தது. செப்பேட்டுப் பங்கு அரையணாவாக மாறிய வழி நேரானதல்ல.

பாரதம் வாசித்தல் என்றால் ஒருவர் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்பது. ஓலையில் எழுதிய காலத்தில் நூல் என்பது பெரும்பாலும் காதுக்கு உரியதாகவே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இன்றும் நடக்கும் புராணப் படிப்பில் இந்த முறையைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், அடுத்தவர் அதற்குப் பயன் சொல்லுவார், மற்றவர்கள் கேட்பார்கள். வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதப் பிரசங்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து தெரிந்தவர் ஊருக்கு ஓரிருவர் இருந்தாலே போதும், நூல் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.

சுவடிகள் இருந்த இடங்கள் வேறு. மடங்களிலும், கவிராயர் வீடுகளிலும், அரண்மனைகளிலும் அவை துணியில் கட்டிப் பரணில் கிடந்தன. தஞ்சாவூர் அரண்மனையில் நாயக்கர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் பெருகிய சரசுவதி மகால் நூலகம் அவற்றில் தலையானது. அது 1918இல்தான் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. மற்ற இடங்களில், செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததை உ. வே. சாமிநாதையர் நெஞ்சு கனக்கப் பதிவு செய்திருக்கிறார். காக்கத் தெரியாமல் போனது மட்டும் அதற்குக் காரணமல்ல. ஏடு ஒரு வீட்டின் சொத்து, ஊரின் சொத்தல்ல என்ற நிலையும் காரணம். அந்த வீட்டில் படிப்பவர் அற்றுப்போனால் ஏட்டுக்கும் நாதி இல்லை.

அச்சு இந்த நிலையை மாற்றியது. 1835இல் இந்தியர்கள் அச்சகம் நடத்த இருந்த தடை நீங்கியதும் தமிழ்ப் பதிப்புகள் பெருகின. புலவர்களின் பதிப்புகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஊர் மக்களிடம் முதலில் போய்ச் சேர்ந்த அச்சு நூல்கள் வேறு வகையானவை: நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை முதலான பெரிய எழுத்துப் புத்தகங்கள். மங்கிய தாள், ஒட்டிய அட்டை, இடையிடையே மரக்கட்டைப் படம். எழுத்து மட்டும் மொச்சைக்கொட்டை அளவுக்குத் தடித்திருக்கும். எழுத்து ஏன் பெரிதாக இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகம் திறக்கப்பட்ட இடத்தைப் பார்த்தால் போதும். விளக்கெண்ணெய் விளக்கடியில், திண்ணையில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவரின் கையில் அது இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பலர் எழுத்தே அறியாதவர்கள். வாய்விட்டுப் படிக்கவே அச்சான நூல் அது.

இன்னும் மலிவானவை குஜிலி நூல்கள். சென்னையில் மாலை நேரத்துக் கடைத்தெருவான குஜிலிக் கடையின் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம். விலை சில்லறைக் காசு. புயல், கொலை வழக்கு, இரயில் விபத்து, குடிகாரன் பெண்டாட்டி படும் பாடு என்று எது நடந்தாலும் சில நாளில் பாட்டாகிவிடும். விற்பவர் சந்தையிலும் திருவிழாவிலும் அதைப் பாடியே விற்றார். கேட்டுப் பிடித்தவர்கள் வாங்கிப்போய் ஊரில் பாடினார்கள். புத்தகக் கடை என்ற பெயர்ப்பலகை இல்லாத இந்தக் கடைகள்தான் தமிழ்நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு முதல் புத்தகக் கடைகள்.

பெயர்ப்பலகை உள்ள கடைகள் ஆங்கிலம் படித்தவர்களுக்காக வந்தன. 1844இல் ஏபல் ஜோசுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய கடை, 1904இல் மவுண்ட் ரோட்டில் இன்றுள்ள கட்டடத்துக்கு வந்தது. பிறகு தென்னக இரயில் நிலையங்களில் அதன் கிளைகள் பயணிகளுக்குப் புத்தகம் விற்றன. 1896 டிசம்பரில் எழும்பூரில் கன்னிமரா நூலகம் திறக்கப்பட்டது. ஆளுநர் கன்னிமரா பிரபுவின் பெயரும், ஹென்றி இர்வினின் கட்டடக் கலையும், வண்ணக் கண்ணாடியும், தேக்கு அலமாரியும் அதற்கு இருந்தன. ஆனால் நூலை வீட்டுக்கு எடுத்துப் போகும் வசதி 1930 வாக்கில்தான் வந்தது. அதுவரை அது பெரிய மனிதர்கள் வந்து போகும் மண்டபம். மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதனோடு பாண்டியன் புத்தகசாலையையும் அமைத்தார். அது புலவர்களுக்கு உதவியது.

ஏழை மாணவருக்கும் சின்னச் சம்பளக்காரருக்கும் உதவியது மூர் மார்க்கெட். நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரால் 1900இல் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டித் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பறவையும் பீங்கானும் விற்ற கடைகளுக்கு நடுவே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. கல்லூரிப் பாடநூலிலிருந்து கிடைத்தற்கரிய முதற்பதிப்பு வரை தரையில் குவிந்து கிடக்கும். வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பக் கொடுத்தால் பாதி விலை தருவார்கள். அதாவது, கடையே நூலகமாக நடந்தது. 1985 மே மாதத் தீயில் அந்தக் கட்டடம் அழிந்தது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆயினும் ஒரே கூரையின் கீழ் அவ்வளவு பழைய புத்தகம் சென்னையில் மறுபடி சேரவில்லை.

இதற்கிடையே ஊர்களில் வேறொன்று முளைத்திருந்தது. செய்தித்தாள் வந்ததும் திண்ணைப் படிப்புக்குப் புதிய பொருள் கிடைத்தது. சுதேசமித்திரன் 1899இல் நாளேடாயிற்று. விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தி பெயரிலும் பாரதி பெயரிலும் வாசகசாலைகள் தோன்றின. 1925இல் குடிஅரசு, 1935இல் விடுதலை, 1942இல் திராவிட நாடு என்று இதழ்கள் வந்தபோது படிப்பகங்கள் பெருகின. படிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓலையோ ஓடோ வேய்ந்த ஓர் அறை, இரண்டு பெஞ்சு, சுவரில் தலைவரின் படம், வாசலில் கொடிக்கம்பம், உள்ளே அன்றைய இதழ். ஊர் இளைஞர்கள் காசு போட்டு வாடகை கொடுத்தார்கள். மாலையில் ஒருவர் உரக்கப் படிப்பார். வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்தவர்கள் கேட்பார்கள். பிறகு வாதம் நடக்கும். பொதுவுடைமை இயக்கத்தாரின் மன்றங்களிலும் இதே முறைதான். முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும் இதன் கிளைகளாயின. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் நடையை எடுத்துக்கொண்டது. டீக்கடை பெஞ்சில் அது தாள் தாளாகப் பிரிந்து பத்துக் கைகளில் இருக்கும் காட்சி அன்று தொடங்கி இன்றுவரை மாறவில்லை.

இந்தப் படிப்பகங்கள் ஒரு விதத்தில் திண்ணைக்கு எதிரானவை. திண்ணை ஒருவர் வீட்டுக்கு உரியது. யார் ஏறலாம், யார் கீழே நின்று கேட்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. கூரத்து மண்டபத்திலும் யார் யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். படிப்பகத்துப் பெஞ்சில் முந்தி வந்தவர் உட்கார்ந்தார். எல்லா ஊரிலும் இது நடந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நடந்த ஊர்களில், மேல்துண்டை இடுப்பில் கட்டாமல், தோளில் போட்டுக்கொண்டு மற்றவரோடு சரிசமமாக உட்கார்ந்த முதல் பொது இருக்கை அதுதான் என்று சொல்ல ஆட்கள் உண்டு. அந்த ஒன்றுக்காகவே படிப்பகங்களின் வரலாறு விரிவாக எழுதப்பட வேண்டும். பெண்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை என்பதையும் அதே வரலாறு எழுதியாக வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பகுதிகளில் இதற்கு வாசிகசாலை என்று பெயர். பின்னாளில் சனசமூக நிலையம் என்ற பெயர் பரவியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இவை இருந்தன. வீரகேசரியும் தினகரனும், 1959க்குப் பின் ஈழநாடும் காலையில் அங்கே வந்து விழும். விளையாட்டுக் கழகம், நாடகம், சிரமதானம், மரண வீட்டு உதவி எல்லாம் அந்த ஓர் அறையிலிருந்தே நடந்தன.

சட்டத்தின் வழியாக நூலகத்தை ஊருக்குக் கொண்டுவந்த கதை சீர்காழிக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். ஆள் வராத அறையில் உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் சில நாளிலேயே பழைய கல்லூரிக்குத் திரும்ப முயன்றார். இலண்டனில் நூலகப் பயிற்சிக்கு ஏற்பாடாகியிருக்கிறது, போய் வந்து முடிவு செய் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். இலண்டனில் அவர் கண்டது இரண்டு. ஒன்று, கடையில் குழந்தைகளுக்குக் காட்டிய மெக்கானோ விளையாட்டுச் சாமான். சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு எத்தனையோ வடிவம் செய்யலாம் என்பதைப் பார்த்தபோது, எந்த நூலின் பொருளையும் சில கூறுகளைக் கோத்து எண்ணால் குறிக்கலாம் என்ற யோசனை வந்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதன் பலன். இன்னொன்று, குரோய்டன் முதலிய ஊர்களின் பொது நூலகங்கள். அங்கே கூலித் தொழிலாளியும் இல்லத்தரசியும் குழந்தையும் உரிமையோடு வந்து நூல் எடுத்துப் போனார்கள். செலவை ஊர் வரி ஏற்றது. உலகம் அவரைப் பகுப்புமுறைக்காக நினைவில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு அந்த இரண்டாவது காட்சியே பெரிது.

1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அரங்கநாதன் அதன் செயலாளராக மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பேசினார். நூலகருக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளின் சாரம் எளியது: நூல் பூட்டி வைக்க அல்ல, எவருக்கும் அவருக்கேற்ற நூல் உண்டு, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி வட்டாரத்து மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை தம் செலவில் ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. வண்டிக்குள் அடுக்குப் பலகைகள், அவற்றில் தமிழ்ப் புத்தகங்கள். காவிரிக் கடைமடையில் வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊர் பிரிந்து கிடக்கும். மழைக்காலத்தில் வண்டித்தடமே பாதை. நகரத்து மண்டபத்துக்கு வரமுடியாதவனிடம் நூல் போகவேண்டும் என்றால் அங்கே மாடுதான் அதை இழுத்தாக வேண்டும். ஆந்திரத்தில் சில ஆண்டு கழித்துக் கால்வாயில் படகு நூலகம் விட்டார்கள். அந்தந்த மண்ணில் நெல் எதில் போனதோ அதிலேயே நூலும் போனது. களத்துமேட்டில் நின்ற வண்டியிலிருந்து இறங்கிய புத்தகத்தை எழுத்து தெரிந்தவர் வாங்கினார். மற்றவர் அவரைச் சுற்றி உட்கார்ந்தனர். வீடு தேடி நூல் வரும் என்பதைத் தமிழ்நாடு அங்கேதான் முதலில் பார்த்தது. 

தனி மனிதரின் கொடையில் நூலகம் நெடுநாள் ஓடாது என்பது அரங்கநாதனுக்குத் தெரியும். 1930இலேயே காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1933இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் தனியார் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின், கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. ஐதராபாத் 1955இலும் மைசூர் 1965இலும் இந்த வழியில் வந்தன.

சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியிலோ சொத்து வரியிலோ ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது அரையணா. நாலு ரூபாய் வீட்டு வரி கட்டிய குடும்பம் ஆண்டுக்கு இரண்டணா கூடுதலாகக் கட்டியது. அந்தப் பணம் பொதுக் கருவூலத்தில் கலக்காமல் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். சென்னை நகரம் நீங்கலான மாவட்டங்களுக்கு வரி எவ்வளவு வசூலாயிற்றோ அவ்வளவு அரசும் சேர்த்துத் தரும். 1951 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஐந்தில் ஒருவரே. மீதி நாலு பேரும் தாங்கள் படிக்கமுடியாத புத்தகத்துக்கு வரி கட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் படிப்பார்கள் என்ற நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு ஈடு கிடையாது. இப்போது வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியைக் காலத்தில் செலுத்தாமல் பாக்கி வைப்பது பல்லாண்டுப் புகார். நூலகத்துக்கென்று மக்களிடம் வாங்கிய காசு நூலகத்துக்கு வராமல் நிற்பதைச் சின்னக் கணக்குத் தவறாக எடுத்துக்கொள்ள முடியாது.

கன்னிமரா 1950இல் மாநில மைய நூலகமாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றும் ஒரு படி அங்கே வரவேண்டும். மாவட்டத் தலைநகரில் மைய நூலகம், சிறு நகரங்களில் கிளை நூலகம், கிராமங்களில் ஊர்ப்புற நூலகம், அதற்கும் கீழே பகுதிநேர நூலகம் என்று வலை விரிந்தது. 1972இல் பொது நூலகத்துக்கெனத் தனித் துறை வந்தது. இன்று எல்லாம் சேர்த்து 4,600க்கு மேல்.

எண்ணிக்கையைவிடக் கிளை நூலகத்தின் உள்ளே போய்ப் பார்ப்பது மேல். பல ஊர்களில் கட்டடத்தையே ஊரார் கொடுத்தார்கள்: யாரோ ஒருவரின் வீட்டு முன்னறை, பயன்படாத சாவடி, பஞ்சாயத்துக் கட்டடத்தின் ஒரு பக்கம். வாசலில் வருகைப் பதிவேடு, கயிற்றில் கட்டிய பேனா. நீள மேசையில் நாளிதழ்கள். ஒருவர் நடுப்பக்கத்தை முடிக்கும் வரை எதிரில் இருப்பவர் விளையாட்டுப் பக்கத்தோடு காத்திருப்பார். இரும்பு அலமாரியில் நாவல்கள் முதுகு பிய்ந்து, சணல் நூலால் மறுபடி தைக்கப்பட்டு நிற்கும். கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் முத்திரை மேல் முத்திரை. ஓரங்களில் பென்சில் எழுத்து. ஒரு வாசகர் கதாநாயகியை ஏசியிருப்பார். அடுத்தவர் அதற்குக் கீழே பதில் எழுதியிருப்பார். மூன்றாமவர் முடிவையே எழுதிக் கெடுத்திருப்பார். ஒருவரை ஒருவர் பார்த்தறியாத ஊர்க்காரர்கள் ஒரே பக்கத்தில் பேசிக்கொள்ளும் இந்த வழக்கத்தை விதி தடுக்கிறது. ஆனாலும் அந்தப் பென்சில் கோடுகளைப் போல நூல் படிக்கப்பட்டதற்கு வேறு சாட்சி கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர் வரவேண்டிய நாளில் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற நல்ல யோசனை அது.

நூலகரின் நிலை அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ஊர்ப்புற நூலகர்கள் நெடுங்காலம் மிகக் குறைந்த ஊதியத்தில் இருந்து, போராடித்தான் மூன்றாம் நிலை நூலகர் பதவிக்கு வந்தார்கள். ஓர் ஊரில் நூலகம் நன்றாக நடந்தது என்றால் அதன் பின்னே பெரும்பாலும் ஒரே ஒரு நூலகர் இருப்பார். எந்தப் பையனுக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்தவர். காப்புத்தொகை கட்ட இயலாத பிள்ளைக்குத் தம் பெயரில் நூல் எடுத்துக் கொடுத்தவர். வாசகர் வட்டமும், ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகும் ஏற்பாடும் அவருக்குத் துணையாயின.

இந்த வலை தமிழ்ப் பதிப்புத் தொழிலையே மாற்றியது. நூலக ஆணை என்ற சொல் பதிப்பாளர் வட்டத்தில் மழை என்ற சொல்லுக்குச் சமம். அரசு ஒரு தலைப்பில் நூற்றுக்கணக்கில், சில காலம் ஆயிரம் படி வரை, வாங்கியபோது கவிதைக்கும் ஆராய்ச்சிக்கும் அச்சுச் செலவு உறுதியாயிற்று. ஆணை நின்ற ஆண்டுகளில் சிறு பதிப்பகங்கள் தத்தளித்தன. நன்மையோடு கேடும் வந்தது. வாசகரை நினைக்காமல் ஆணையை நினைத்து அச்சிட்ட நூல்களும் அலமாரியை நிரப்பின.

அரசு நூலகத்துக்குள் வரத் தயங்கிய பெண்களிடம் போய்ச் சேர்ந்தவை வாடகை நூலகங்கள். சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் பெயர் பெற்றது. சிறு நகரங்களில் சைக்கிள் கேரியரில் வார இதழ் கட்டோடு வீடு வீடாகப் போனவர்களுக்குப் பெயர்ப்பலகை கூட இல்லை. மாதம் ஒரு தொகை கொடுத்தால் எல்லா இதழும் ஒவ்வொரு நாள் தங்கிப் போகும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகங்கள் இந்தச் சுற்றின் பொக்கிஷம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வன், மணியத்தின் ஓவியங்களோடு இப்படித் தைக்கப்பட்டு எத்தனையோ சமையலறைகளைக் கடந்தது. மதியம் வேலை ஓய்ந்தபின் ஒருத்தி படிக்க, மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டாரும் கேட்டார்கள். பாரதப் படிப்பின் மரபு அங்கே அடுப்படிக்குள் வந்திருந்தது.

ஊர் சேர்ந்து நூலகம் கட்டியதற்கு யாழ்ப்பாணத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தமிழுலகில் இல்லை. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் இருந்த நூல்களை இலவசமாகப் படிக்கக் கொடுத்தார். 1934 ஆகஸ்டில் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களோடு நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டு நகரசபை அதை ஏற்றது. பெரிய கட்டடத்துக்காகக் களியாட்ட விழாக்கள் நடத்திப் பணம் திரட்டினார்கள். 1954இல் அடிக்கல். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். அரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959 அக்டோபரில் வெள்ளை நிறத்தில், குவிமாடத்தோடு அது எழுந்தது. கொடுத்தவர்களில் பாதிரியாரும் வியாபாரியும் ஆசிரியரும் உண்டு. ஒற்றைப் புத்தகத்தைக் கையில் கொண்டுவந்த வீட்டுக்காரர்களும் உண்டு.

1981 மே 31 இரவும் ஜூன் 1 விடியலும் சேரும் நேரத்தில் அது எரிக்கப்பட்டது. மாவட்ட சபைத் தேர்தல் பாதுகாப்புக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட காவல்துறையினரும் உடன் இருந்த கும்பலும் தீ வைத்தார்கள். 97,000 நூல்களும், ஓலைச்சுவடிகளும், பழைய ஈழத்து நாளிதழ்க் கோப்புகளும் போயின. தீயைத் தம் அறையிலிருந்து பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் அன்றே இறந்தார். ஒரு தலைமுறை தன் வீட்டிலிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தது அத்தனையும் ஓர் இரவில் சாம்பலானது. 1984இல் ஒரு பகுதி திருத்தித் திறக்கப்பட்டு, போரில் மறுபடி சிதைந்தது. கட்டடம் பழைய வடிவிலேயே மீண்டும் எழ இந்த நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் ஊர்ஊராய்த் தேடி மின்வடிவாக்கி இணையத்தில் வைத்தது. எரிக்கமுடியாத இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2006க்குப் பின் ஊராட்சிதோறும் நூலகம் கட்டும் திட்டம் வந்தது. கட்டடங்கள் வந்த வேகத்தில் ஆட்களும் நூல்களும் வரவில்லை. பல ஊரில் பூட்டுத் தொங்கியது. பின்னர் சில சீரமைக்கப்பட்டன. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்களோடு திறந்தது. அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது.

இந்தப் பெரிய நூலகங்களிலும், மாவட்ட மைய நூலகங்களிலும் இன்று அதிகமாகத் தென்படுபவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். வீட்டில் தனியறையோ மேசையோ இல்லாதவர்கள். கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்கள். சோற்றுப் பாத்திரத்தைப் பையில் கொண்டுவந்து மாலை வரை இருப்பவர்கள். அவர்களில் பெண்கள் நிறைய. கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள். உள்ளே பேசக்கூடாது என்பதால், நண்பகலுக்குமேல் நூலக வளாகத்து மரத்தடியில் நாலைந்து பேராக வட்டமிட்டு உட்காருகிறார்கள். ஒருவர் வினா வங்கியைக் கையில் வைத்து உரக்கப் படிக்கிறார். மற்றவர்கள் கேட்டு விடை சொல்கிறார்கள்.